குதிரைத்திறனும் கொண்டை ஊசி வளைவும்

புதிய காரின் விளம்பரத் தாளைப் புரட்டினால் இன்ஜினின் பவர் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கும். இத்தனை பிஎச்பி, இத்தனை நியூட்டன் மீட்டர் டார்க், நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட இத்தனை விநாடி. போட்டிக் காரின் தாளைப் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்த்துவிடலாம். அதே காரின் ஹேண்ட்லிங் எப்படி என்று தேடினால் ஓர் எண்கூடக் கிடைக்காது. துல்லியமான ஸ்டீயரிங், உறுதியான சஸ்பென்ஷன் என்று இரண்டு மூன்று பெயரடைகளோடு முடித்திருப்பார்கள்.

சின்ன ஸ்போர்ட்டி கார் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பவரைப் பார்த்து முடிவெடுப்பதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன். எண்ணாக வருவதை வீட்டில் உட்கார்ந்தே ஒப்பிடலாம். மற்றதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஹேண்ட்லிங்குக்கு ஓர் எண் இல்லை என்பதால் அதற்குப் பின்னால் கணக்கே இல்லை என்று ஆகிவிடாது. உராய்வும் எடையும் நிலைமமும் சேர்ந்து போடும் கணக்கு அது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சின்ன காரைப் பொறுத்தவரை நான் ஹேண்ட்லிங்கின் பக்கம். பவர் வேண்டும்தான். எவ்வளவு பவர் போதும் என்பதை டயரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும் என்பதே என் வாதம்.

டயரிலிருந்தே தொடங்குவோம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் நான்கு சக்கரங்களிலும் சமமாக நிற்பதாக வைத்துக்கொண்டால், ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ. டயரில் 32 பிஎஸ்ஐ காற்று. சுமையை அழுத்தத்தால் வகுத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு வந்துவிடும்: தோராயமாக 110 சதுர சென்டிமீட்டர். நம் அஞ்சலட்டையின் பரப்பு 126 சதுர சென்டிமீட்டர். அஞ்சலட்டையைவிடச் சற்றே சிறிய நான்கு ரப்பர்ப் பரப்புகள்தான் காருக்கும் சாலைக்கும் உள்ள மொத்தத் தொடர்பு. இன்ஜின் 80 குதிரைத்திறன் தந்தாலும் 300 தந்தாலும் அது அந்த நான்கு பரப்புகள் வழியாகத்தான் சாலைக்குப் போயாக வேண்டும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அப்படியே.

அந்த நான்கில் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்ப்போம். கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இடப்பக்கம் திரும்புகிறது. முன் வலது டயரின் மேற்பரப்பில் உள்ள ஒரு ரப்பர்க் கட்டி சுழன்று வந்து சாலையைத் தொடுகிறது. தொட்ட இடத்திலிருந்து மறுபடி மேலெழும் இடம் வரை சுமார் 12 சென்டிமீட்டர். அதைக் கடக்க ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஏழு பங்குதான் ஆகும். அதற்குள் நடப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வளைவில் சக்கரம் பார்க்கும் திசையும் கார் உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. நடுவே சில பாகை வித்தியாசம் இருக்கும். இதை வழுக்குக் கோணம் என்பார்கள். ரப்பர்க் கட்டியின் அடிப்புறம் தார்ச்சாலையைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அதன் வேரோ சக்கரத்தோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்கிறது. கோணம் 4 பாகை என்றால், 12 சென்டிமீட்டர் கடப்பதற்குள் இந்த விலகல் 8 மில்லிமீட்டர் வரை போகும். கட்டியும் அதைத் தாங்கும் டயரின் உடலும் வளைகின்றன. வளைந்த ரப்பர் பழைய நிலைக்கு வரத் துடிக்கிறது. அந்த இழுப்புதான் காரை வளைவுக்குள் தள்ளும் விசை. பரப்பின் பின்முனைக்கு வரும்போது இழுப்பு உராய்வை மிஞ்சிவிடுகிறது. கட்டி பிடியை விட்டுச் சரேலென்று வழுக்கித் தன் இடத்துக்குத் திரும்புகிறது. ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினால் கோணம் கூடும், விசையும் கூடும். கூடவே வழுக்கும் பகுதியும் பின்முனையிலிருந்து முன்னோக்கிப் பரவும். சாலைக் கார்களின் டயரில் 6 முதல் 10 பாகைக்குள் விசை உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் கூடுதலாகத் திரும்பாது.

இங்கே ஓட்டுநருக்கு ஒரு முன்னறிவிப்பு கிடைக்கிறது. ரப்பர்க் கட்டிகள் பின்முனையை நெருங்க நெருங்க அதிகம் வளைவதால், பக்கவாட்டு விசையின் மையம் சக்கரத்தின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. அந்த விசை சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். வளைவில் ஸ்டீயரிங் கையில் கனக்கிறதே, அந்தக் கனத்தில் பெரும்பங்கு இதனால் வருவது. பின்பகுதி வழுக்கத் தொடங்கியதும் விசையின் மையம் முன்னால் நகரும், ஸ்டீயரிங் லேசாகும். டயரின் பிடிப்பு உச்சத்தை எட்டுவதற்கு முன்பே இது நடந்துவிடுகிறது. நல்ல கார், 'இன்னும் கொஞ்சம்தான் பாக்கி' என்பதை உள்ளங்கை வழியாகச் சொல்லிவிடும். ஹேண்ட்லிங் நன்றாக இருக்கிறது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வதில் பாதி இதுதான் என்பது என் எண்ணம். இன்றைய மின் ஸ்டீயரிங்குகளில் சில இந்தச் சேதியைக் கைக்கு விடுகின்றன. பல அதை வழியிலேயே அமுக்கிவிடுகின்றன.

அடுத்தது எடை. பள்ளி இயற்பியலின்படி, ஒரு வளைவில் போகக்கூடிய உச்ச வேகம் உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம் (ஜி), வளைவின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கலுக்கு வர்க்கமூலம். அதில் காரின் எடையே வராது. எடை கூடினால் காரை வளைக்கத் தேவையான விசை கூடும். டயரைத் தரையில் அழுத்தும் விசையும் அதே அளவு கூடும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அப்படியானால் லேசான கார் ஏன் வளைவில் சிறப்பாகப் போகிறது?

பள்ளிக் கணக்கு ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. ரப்பரின் உராய்வுக் கெழு நிலையானதல்ல. டயரின் மேல் சுமையை இருமடங்காக்கினால் பிடிப்பு இருமடங்காகாது. அதற்குக் குறைவாகவே கூடும். வளைவில் திரும்பும்போது காரின் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும், இட வலச் சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தையும் பொறுத்தது. ஆயிரம் கிலோ கார், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், அகலம் 1.45 மீட்டர், பக்கவாட்டு முடுக்கம் 0.8 ஜி என்று எடுத்துக்கொண்டால் 276 கிலோ இடம் மாறும். பக்கத்துக்கு 500 ஆக இருந்தது உள்ளே 224, வெளியே 776 என்றாகிவிடும். உள்பக்க டயர்கள் இழந்த பிடிப்பு முழுவதையும் வெளிப்பக்க டயர்களால் ஈடுகட்ட முடியாது. மொத்தத்தில் நஷ்டம். அதே எடையை உயரமான எஸ்யூவியின் அளவில், 0.68 மீட்டர் உயரத்தில் 1.55 மீட்டர் அகலத்தில் வைத்தால், இடம் மாறுவது 351 கிலோ. ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வாக இருப்பது அழகுக்காக மட்டும் அன்று.

இந்த உண்மையைச் சந்தைக்குக் கொண்டுவந்த கார்களில் மினிக்குத் தனி இடம் உண்டு. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வந்தபோது அது ஸ்போர்ட்ஸ் காரே அல்ல. நான்கு பேர் சிக்கனமாகப் போக வேண்டிய குடும்பக் கார். நீளம் மூன்று மீட்டரும் சொச்சமும், சக்கரம் 10 அங்குலம், இன்ஜின் 848 சிசி, பவர் 34 குதிரைத்திறன். இடத்தை மிச்சம் பிடிக்க இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளினார் இஸிகோனிஸ். ஸ்பிரிங்குக்குப் பதில் அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய ரப்பர்க் கூம்புகள். சிக்கனத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடு, அசாத்தியமாகத் திரும்பும் ஒரு காரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. பந்தயக் கார் கட்டும் ஜான் கூப்பர் அதைக் கண்டுகொண்டார். 1961இல் மினி கூப்பர் வந்தது.

1964 ஜனவரி மான்டே கார்லோ ராலியில் பாடி ஹாப்கிர்க் ஓட்டிய மினி கூப்பர் எஸ் வென்றது. அதன் இன்ஜின் 1,071 சிசி. சாலைக்கு விற்ற வடிவில் பவர் சுமார் 70 குதிரைத்திறன். இரண்டாவதாக வந்தது போ யுங்ஃபெல்ட் ஓட்டிய ஃபோர்டு ஃபால்கன், நான்கு லிட்டருக்கும் மேற்பட்ட வி8 இன்ஜினோடு. அந்த ராலியில் இன்ஜின் கொள்ளளவைப் பார்த்துச் சலுகை தரும் விதி இருந்தது. சின்ன இன்ஜின்களுக்கு அது சாதகம். அதை மறைத்துவிட்டு மினியைப் புகழ்வது நியாயமாகாது. ஆனால் நான்கு மடங்கு பெரிய இன்ஜினோடு போட்டியிட்ட கார், சலுகை கைகொடுக்கும் தூரத்துக்கு நெருங்கி வந்தாலே பெரிய காரியம். பனி படிந்த ஆல்ப்ஸ் மலைச்சாலையில் வி8இன் பவரை முழுதாகத் தரையிறக்கப் பின்சக்கரங்களுக்குப் பிடிப்பு எங்கே இருக்கும்? மினியின் இன்ஜின் எடை இழுக்கும் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருந்தது. 1965இலும் 1967இலும் மினி மறுபடி அதே ராலியை வென்றது.

பனி இல்லாத சாலையில் எப்படி? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது பந்தயத் தடத்துக்கான கணக்கு. எதிரே பேருந்து வரும் மலைச்சாலைக்கு அல்ல. 16 மீட்டர் ஆரமுள்ள அரைவட்ட வளைவு, அதைத் தொடர்ந்து 100 மீட்டர் நேர்சாலை, பிறகு அதே போன்ற வளைவு. 'அ' என்ற கார் நேர்சாலையில் விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வீதம் முடுக்கம் தரும். 'ஆ' என்ற கார் பவர் கூடியது. 4 மீட்டர் வீதம் தரும். இரண்டுக்கும் பிரேக் ஒன்றே. 'ஆ' சாதாரண டயரோடு வளைவை 40 கி.மீ. வேகத்தில் எடுக்கிறது. 'அ' தாழ்வானது, நல்ல டயர் போட்டது. வளைவை 44 கி.மீ. வேகத்தில் எடுக்கிறது. பக்கவாட்டு முடுக்கத்தில் சொன்னால் இது 0.79 ஜிக்கும் 0.95 ஜிக்கும் உள்ள வித்தியாசம். பெரிய வித்தியாசம்தான், ஆனால் சாதாரணச் சிக்கன டயருக்கும் நல்ல ஸ்போர்ட்ஸ் டயருக்கும் நடுவே எட்டக்கூடியதே.

நேர்சாலையில் 'ஆ' எடுக்கும் நேரம் 5.44 விநாடி, 'அ' எடுப்பது 5.49. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் முடுக்கம் வாங்கித் தந்தது ஒரு விநாடியின் நூறில் ஐந்து பங்கு. ஏனென்றால் 'அ' நேர்சாலைக்குள் நுழையும்போதே வேகமாக நுழைகிறது. அடுத்த வளைவுக்காகக் குறைவாகப் பிரேக் பிடித்தால் போதும். வளைவுக்குள் 'ஆ'வுக்கு 4.52 விநாடி, 'அ'வுக்கு 4.11. இரண்டையும் கூட்டினால், ஒவ்வொரு வளைவுக்கும் 'அ' 0.36 விநாடி முன்னால் போகிறது. நேர்சாலை நீள நீள 'ஆ'வின் கை ஓங்கும். அரை கிலோமீட்டர் நேர்சாலை உள்ள தடத்தில் முடிவு தலைகீழாகிவிடும். யாருக்கு எந்தக் கார் என்பதில் அவர் ஓட்டப்போகும் சாலைக்கும் பங்கு உண்டு என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடுகிறது.

பவர் கூடக்கூட எடையும் சேர்ந்தே வருகிறது என்பது இன்னொரு சிக்கல். பெரிய இன்ஜினுக்குப் பெரிய கியர்பாக்ஸ், பெரிய ரேடியேட்டர், பெரிய பிரேக், அதைச் சுற்றிப் பெரிய சக்கரம் தேவை. 1976இல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயின் பவர் 110 குதிரைத்திறன், எடை 810 கிலோ. ஏழாம் தலைமுறை ஜிடிஐக்கு 220 குதிரைத்திறன், எடை சுமார் 1,350 கிலோ. பாதுகாப்புக்காகவும் வசதிக்காகவும் கூடிய எடை இதில் நிறைய இருக்கிறது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் விளைவைப் பாருங்கள்: பவர் சரியாக இரட்டித்திருக்கிறது, ஒரு டன்னுக்கு இத்தனை குதிரைத்திறன் என்று பார்த்தால் 136 என்பது 163 ஆகியிருக்கிறது. 20 சதவீதம்தான் லாபம். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் அதே வேகத்தைக் குறைக்க, பிரேக் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் வெப்பத்தை விழுங்க வேண்டும். எடையைக் குறைத்தால் முடுக்கம், பிரேக், வளைவு, டயர் தேய்மானம், எரிபொருள் எல்லாவற்றிலும் லாபம். பவரைக் கூட்டினால் ஒன்றில் மட்டுமே லாபம். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் வாழ்நாள் முழுக்க இதையே செய்து காட்டினார். அவர் மறைவுக்குப் பின் 1996இல் வந்த லோட்டஸ் எலீஸும் அவர் வழியில் வந்ததுதான்: அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த அதன் அடிச்சட்டம் வெறும் 68 கிலோ, முழுக் காரும் சுமார் 725 கிலோ, பவர் 118 குதிரைத்திறன். அந்தப் பவரை வைத்தே ஆறு விநாடி வாக்கில் 100 கி.மீ. வேகத்தை எட்டியது.

எடை எவ்வளவு என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். காவடியின் இரு முனைகளிலும் தண்ணீர்க் குடங்களைக் கட்டித் தோளில் சுமந்துகொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். திரும்புவதும் கடினம், திரும்பிய பின் நிற்பதும் கடினம். அதே குடங்களை இரு இடுப்பிலும் அணைத்துக்கொண்டால் எளிதாகத் திரும்பலாம். எடை மாறவில்லை, நிலைமத் திருப்புத்திறன் மாறியிருக்கிறது. எடை அச்சிலிருந்து இருமடங்கு தூரம் போனால் அது நான்கு மடங்காகும். காரின் மூக்குக்கு முன்னால் தொங்கும் கனமான இன்ஜின் அந்தக் காவடிக் குடம்தான்.

மாஸ்டா எம்எக்ஸ்-5இன் வெற்றிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. லேசான, பின்சக்கரங்களால் ஓடும் திறந்த கார் ஒன்றைச் செய்யுங்கள் என்று 1979இல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் பேசியவர் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். பத்து வருடம் கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கார் கண்காட்சியில் அது வெளிவந்தது. திட்டத்தை நடத்தியவர் தோஷிஹிகோ ஹிராய். 1.6 லிட்டர் இன்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். ஓட்டுநர் உட்கார்ந்தால் முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் விறைப்பாகப் பிணைத்தார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே தளர்ச்சி தெரியாது. பவர் 116 குதிரைத்திறன், ஜப்பானில் விற்ற காரின் எடை 940 கிலோ. அன்றைக்கே அதைவிட வேகமான கார்கள் அதே விலைக்குக் கிடைத்தன. ஆனாலும் 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. நான்காம் தலைமுறையை வடிவமைத்தபோது எடையை ஏறவிடாமல் இருக்கச் சக்கரத்துக்கு ஐந்து நட்டுகளுக்குப் பதில் நான்கே போதும் என்று முடிவெடுத்தார்கள். இந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

பவர் வீணாவதற்கு இன்னொரு காரணம், டயரின் பிடிப்பு ஒரு வரம்புக்கு உட்பட்டது என்பது. அந்த வரம்பு 1 ஜி என்று வைத்துக்கொள்வோம். வளைவில் திரும்ப 0.8 ஜி செலவானால், முன்னோக்கி முடுக்க 0.6 ஜி மிஞ்சும். பிதாகரஸ் தேற்றத்தின் கணக்கு இது. திரும்ப 0.95 ஜி செலவானால் மிஞ்சுவது 0.31. பெரும்பாலான சின்ன கார்கள் முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. திருப்புவதும் இழுப்பதும் அதே இரண்டு டயர்கள். போதாதற்கு, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் எடை பின்னோக்கிப் போகிறது. ஆயிரம் கிலோ காரில் முன்சக்கரங்களின் மேல் 620 கிலோ இருந்தால், 0.4 ஜி முடுக்கத்தில் அது 535 கிலோ வாக்கில் குறைந்துவிடும். இழுக்க வேண்டிய நேரத்தில் இழுக்கும் சக்கரம் லேசாகிறது. உள்பக்கச் சக்கரம் வெறுமனே சுழலும், கார் வளைவின் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும், ஸ்டீயரிங் கையை இழுக்கும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இதை நன்றாகவே சமாளிக்கும். அது இல்லாத முன்சக்கரக் காரில் பவரை ஏற்றிக்கொண்டே போனால், அந்தக் கூடுதல் பவர் நேர்சாலையில் மட்டும்தான் பயன்படும்.

டொயோட்டா ஜிடி86இன் கதை இந்த விவாதத்துக்கு மிகப் பொருத்தமானது. சுபாருவோடு சேர்ந்து 2012இல் கொண்டுவந்த இந்தக் காருக்கு டெட்சுயா டாடா தலைமைப் பொறியாளர். படுக்கை வாட்டு பாக்ஸர் இன்ஜினால் ஈர்ப்பு மையம் 46 சென்டிமீட்டர் உயரத்தில் அமைந்தது. 200 குதிரைத்திறன், 1,200 கிலோவுக்குச் சற்று மேல். ஆச்சரியம் டயரில் இருந்தது: பிரியஸ் ஹைபிரிட்டில் ஒரு விருப்பத் தேர்வாகத் தந்த அதே ரகத்தை, 215 மில்லிமீட்டர் அகலத்தில், இதற்கும் மாட்டினார்கள். செலவைக் குறைக்க அன்று, வேண்டுமென்றே. பிடிப்பின் எல்லை மிக உயரத்தில் இருந்தால், சாதாரண ஓட்டுநர் அதைத் தொடும்போது வேகம் ஆபத்தான அளவுக்குப் போயிருக்கும். எல்லை தாழ்வாகவும், அதை மீறுவது படிப்படியாகவும் இருந்தால், காரின் குணத்தை மிதமான வேகத்திலேயே தெரிந்துகொள்ளலாம். அதிகப் பிடிப்பே நல்ல ஹேண்ட்லிங் என்று நினைப்பவர்கள் இந்தக் காரை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்பு நான் போட்ட வளைவுக் கணக்கு வேகத்தைத்தான் அளந்தது. வேகமும் சுகமும் பாதிவழி மட்டுமே சேர்ந்து வரும்.

அந்தக் காருக்கும் ஒரு குறை இருந்தது. டர்போ ஏன் வைக்கவில்லை என்று வாங்கியவர்கள் தொடர்ந்து கேட்டார்கள். உண்மையில் இடித்தது உச்ச பவர் இல்லை என்றுதான் சொல்வேன். 205 நியூட்டன் மீட்டர் டார்க், இன்ஜின் நிமிடத்துக்கு 6,400 சுற்றுக்கு மேல் சுழன்றால்தான் கிடைத்தது. நடுவே 4,000 சுற்றையொட்டி ஒரு பள்ளம் வேறு. 2021இல் வந்த அடுத்த தலைமுறை 2.4 லிட்டர் இன்ஜினில் 250 நியூட்டன் மீட்டர் 3,700 சுற்றிலேயே கிடைத்தது. 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரம் 7.6 விநாடியிலிருந்து 6.3க்கு இறங்கியது. காரின் சமநிலை கெடவில்லை. இது நல்ல விதமாகக் கூட்டிய பவர்.

பவரின் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இருவழிச் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரியை முந்த, 100 கி.மீ. வேகம் வரை ஏற்ற வேண்டியிருக்கிறது. ஓட்டுநரோடு 1,100 கிலோ உள்ள காருக்கு அதற்குத் தேவையான ஆற்றல் சுமார் 272 கிலோஜூல். காற்றின் தடையெல்லாம் போக, சக்கரத்தில் சராசரியாக 40 கிலோவாட் மிஞ்சினால் 6.8 விநாடி ஆகும்; 60 கிலோவாட் மிஞ்சினால் 4.5 விநாடி. வலப்பக்கத் தடத்தில் நாம் இருக்கும் தூரம் 150 மீட்டரிலிருந்து 100 மீட்டராகக் குறையும். எதிரே வருகிற வண்டியும் அந்த நேரத்தில் நம்மை நோக்கி நெருங்குகிறது. பின்சீட்டில் மூன்று பேரையும் டிக்கியில் பெட்டிகளையும் ஏற்றி 300 கிலோ கூட்டினால், 40 கிலோவாட் கார் அதே வேலைக்கு 8.6 விநாடி எடுக்கும். சின்ன காரின் பெரிய பலவீனம் இது: தன் எடை குறைவு என்பதாலேயே ஏற்றும் சுமை அதைப் பெரிதாகப் பாதிக்கும். மலையேறினால் காற்றும் மெலியும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத 80 குதிரைத்திறன் இன்ஜின் அங்கே 64 வாக்கில்தான் தரும். டர்போ இன்ஜின் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். குடும்பத்தோடு அடிக்கடி மலைக்குப் போகிறவர் பவரைக் கேட்பதில் தவறே இல்லை. அவர் கேட்க வேண்டியது உச்ச பவரை அல்ல. 2,000 முதல் 4,000 சுற்றுக்குள் கிடைக்கும் டார்க்கை.

இரண்டையும் சேர்த்து யோசித்த முயற்சி நம் பக்கத்திலும் நடந்தது. கோயம்புத்தூரின் ஜெயம் நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து 2018இல் டியாகோ ஜேடிபியைக் கொண்டுவந்தன. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், சுமார் 112 குதிரைத்திறன். இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தவில்லை. சஸ்பென்ஷனைத் தாழ்த்தி இறுக்கினார்கள், அகலமான டயர் போட்டார்கள். விலையும் எட்டக்கூடியதாக இருந்தது. இரண்டு வருடத்துக்குள் அது நின்றுபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, டெஸ்ட் டிரைவில் என்ன பார்ப்பது? ஷோரூம்காரர் காட்டும் அகலமான நேர்சாலையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்ப்பதால் பவர் மட்டும்தான் தெரியும். வேகத்தடைகளும் ஒட்டுப்போட்ட தாரும் உள்ள, திருப்பங்கள் உள்ள வழியைக் கேட்டு வாங்குங்கள். 40 கி.மீ. வேகமே போதும். ஸ்டீயரிங்கை நடுவிலிருந்து விரலளவு திருப்பினால் மூக்கு உடனே திரும்புகிறதா, ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புகிறதா? திருப்பத்தின் நடுவே சாலை மேடாக இருந்தால் கார் தன் கோட்டிலேயே போகிறதா, பக்கவாட்டில் துள்ளுகிறதா? துள்ளினால் சஸ்பென்ஷன் சாலைக்கு மீறி விறைப்பாக இருக்கிறது. டயர் தரையைவிட்டுக் கிளம்பும் அந்தக் கணத்தில் பிடிப்பு பூஜ்யம். விறைப்பான கார்தான் நன்றாகத் திரும்பும் என்பது வழவழப்பான தடத்துக்கு மட்டுமே பொருந்தும். பிறகு, திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைப் பாதி அழுத்துங்கள். அப்போது கிடைக்கும் இழுப்புதான் தினமும் கைக்கு வரப்போகும் பவர். முடிந்தால் வீட்டுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு அதே வழியில் இன்னொரு சுற்றுப் போய்வாருங்கள்.

பழைய கார் வாங்குவதாக இருந்தால் முதலில் டயரின் பக்கச்சுவரைக் குனிந்து பாருங்கள். நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ரப்பர் வயதாக ஆக இறுகும். பட்டன் தேயாமல் பளிச்சென்று இருந்தாலும் பிடிப்பு போயிருக்கும். அப்படிப்பட்ட டயரோடு ஓட்டிப் பார்த்துவிட்டு இந்தக் காரில் ஹேண்ட்லிங் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கூடுதல் பவர் உள்ள மாடலுக்குத் தரவிருந்த தொகையில் ஒரு பகுதியில் நான்கு நல்ல டயர்கள் வந்துவிடும். சஸ்பென்ஷன் புஷ்களையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றி, சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்து, பிறகு அதே திருப்பத்தில் ஓட்டிப் பாருங்கள்.